போட்டோவுக்குப் பின்னால் ஒரு குடும்பம்

எங்கள் வீட்டு நாய் மணியின் காதில் கொட்டமுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ராசிபுரம் பக்கம் பிறந்தவனுக்குக் கொட்டமுத்து தெரியாதா? அதே பருமன், அதே வழவழப்பு. பிடித்து இழுத்தால் கால் ஆடுகிறது. எண்ணிப் பார்த்தேன், எட்டு. கொட்டமுத்து காய்க்கிற ஆமணக்குக்கு ரிசினஸ் என்று பேர் வைத்தவர்களும் என்னைப் போலத்தான் ஏமாந்திருப்பார்கள் போல. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு உண்ணி என்றே அர்த்தம்.

நாமக்கல்லில் 1985-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அந்த ஊரில் குடியிருந்துகொண்டு நான் வைத்தியம் கேட்டது டீக்கடையில். "சீமெண்ணெயத் தொட்டு வைங்க, தானா விழுந்துரும்" என்றார் ஒருத்தர். வைத்தேன். உண்ணி விழவில்லை, மணிதான் எரிச்சல் தாங்காமல் ஓடிப்போய் என் மெத்தையில் புரண்டது. அடுத்த ஒரு வாரம் லாரி டேங்க் மேலேயே படுத்துத் தூங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருத்தர் ஊதுபத்தியால் சுடச் சொன்னார். சுட்டேன், என் கட்டைவிரலை. மூன்றாவது வைத்தியம் என் சொந்தச் சரக்கு: நகத்தில் வைத்து நசுக்குவது. வேட்டியில் ரத்தத்தைப் பார்த்த எதிர்வீட்டம்மா, "ஊட்ல ஏதாச்சும் சண்டைங்களா?" என்று என் மனைவியிடம் கேட்டிருக்கிறார். "இன்னும் இல்லீங்க" என்றாளாம் இவள்.

ஒருநாள் மணி சோற்றைத் தொடவில்லை. ஈறு வெளுத்திருந்தது. அப்புறம்தான் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, உண்ணி கடித்து வரும் காய்ச்சல் என்று மருந்து எழுதினார். சீமெண்ணெய்க் கதையைச் சொன்னதும், மணியை விட்டுவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எண்ணெய் வைத்தாலும் சுட்டாலும் உண்ணி மிரண்டு, வயிற்றிலிருப்பதை நாயின் உடம்புக்குள்ளேயே கக்கிவிடக்கூடுமாம். வெறுங்கையால் நசுக்கினால் அந்தக் கிருமி நம்மீதே படுமாம். சின்ன இடுக்கியால் தோலை ஒட்டினாற்போலப் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுத்து, ஸ்பிரிட்டில் போட வேண்டும். அவ்வளவுதான் வித்தை. வீட்டில் இருந்த ஒரே இடுக்கி, மகள் புருவம் திருத்தும் பிளக்கர். அன்றைக்கு ராத்திரி எனக்கும் அவளுக்கும் நடந்த பேச்சுவார்த்தையை இங்கே எழுதுவதற்கில்லை.

காது மடிப்பு, விரலிடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில் என்று தேடித்தேடி நாற்பத்தொன்று எடுத்தேன். மறுவாரம் பார்த்தால் மறுபடி நாற்பது! காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். நாய் உண்ணிக்கு நாய் வெறும் சாப்பாட்டுக் கடைதான்; குடித்தனம் நம் சுவரில். வயிறு முட்டக் குடித்ததும் கீழே விழுந்து, சுவரேறி, வெடிப்பு பார்த்து முட்டையிடும். நம் பண்ணைக் கோழி வருசத்துக்கு முந்நூறு முட்டை இட்டாலே மெச்சிக்கொள்கிறோம். இது ஒரே ஈட்டில் ரெண்டாயிரம், மூவாயிரம் இட்டுவிட்டுச் செத்துப்போகிறது. முட்டைக்குப் பேர்போன ஊரில் இதற்கு மட்டும் ஒரு கமிட்டி இல்லை. பொரிந்த குஞ்சு மறுபடி நாயைத் தேடி வரும். பெரிசுகளோ மாசக்கணக்கில் பட்டினி கிடந்தும் சாகாது.

சுவரை ஆராய்ந்தேன். வெடிப்பைப் பூசாமல் மூன்று வருசம் தள்ளிப்போட்டவன் நான் என்பதை மனைவி ஞாபகப்படுத்தினாள். கடைசியில் எங்கள் கல்யாணப் போட்டோவை ஆணியிலிருந்து இறக்கினால், சட்டத்துக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, பந்திக்குக் காத்திருக்கும் சம்பந்தி வீட்டார் மாதிரி.

"ரத்தங் குடிக்கறதெல்லாம் எந்த எடத்துல போய்ச் சேருது பாருங்க" என்றாள்.

வெடிப்பை சிமெண்ட் வைத்து அடைத்தேன். மணியை ரெண்டு நாள் தம்பி வீட்டில் விட்டு மருந்தடித்தேன். தப்பிய முட்டை பொரியும் என்று ரெண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை. மணிக்கு, எடை போட்டு, மூன்று மாசத்துக்கு ஒரு மாத்திரை. கடிக்கிற உண்ணி அந்த ரத்தத்தைக் குடித்தே செத்துப்போகும். என்னுடைய ஒரு மாச மாத்திரைச் செலவை விட அது ஒன்றின் விலை அதிகம்.

போன வாரம் காலண்டரில் ஒரு தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். கல்யாண நாள் நெருங்குகிறதே, ஞாபகம் வைத்திருக்கிறாளே என்று மனசு குளிர்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் படித்தேன்.

'மணி மாத்திரை.'