உரிமை உண்டு, ரோடு இல்லை

இங்கிலாந்தின் சைக்கிள்காரர்கள் 1886இல் ஒன்றுகூடி ஒரு சங்கம் வைத்தார்கள். பெயர், சாலை மேம்பாட்டுச் சங்கம். கோரிக்கை ஒன்றே ஒன்று: ஐயா, ரோட்டை ஒழுங்காகப் போடுங்கள். அப்போது இந்த நாட்டில் கார் ஓடவில்லை. சாலையின் குண்டும் குழியும் சைக்கிள்காரனின் இடுப்பைத்தான் பதம் பார்த்துக்கொண்டிருந்தன. துண்டுப் பிரசுரம் போட்டார்கள், அதிகாரிகளை நச்சரித்தார்கள். காலப்போக்கில் ரோடும் வந்தது.

அந்தச் சங்கத்தைத் தொடங்கிய அமைப்புகளில் ஒன்று, 1878இல் பிறந்து இன்று ‘சைக்கிளிங் யூகே’ என்ற பெயரில் நடமாடுகிறது. அதே அமைப்பு 2020இல் ஒரு நீண்ட சைக்கிள் பாதையை வகுத்துக் கொடுத்தது. ‘கிங் ஆல்ஃப்ரெட்ஸ் வே’. வின்செஸ்டரில் கிளம்பி, ஸ்டோன்ஹென்ஜ், ஏவ்பரி என்று 350 கிலோமீட்டர் சுற்றி மறுபடி வின்செஸ்டரிலேயே கொண்டுவந்து விடும். அதன் சிறப்பு என்ன தெரியுமா? கூடியவரை நல்ல ரோட்டுப் பக்கம் போகாது.

தாத்தா மனுப் போட்டு வாங்கிய தார் ரோட்டைப் பேரன் காசு கொடுத்துத் தவிர்க்கிறான். ஸ்விண்டனில் குடியேறிய நானும் அந்த வம்சத்துக்கு ஒரு தத்துப் பேரன்.

இதற்கென்று இருப்பது கிராவல் பைக். ரேஸ் சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பார், கூடவே 40 மில்லிமீட்டர் அகல டயர். என்னுடையதில் சஸ்பென்ஷன் கிடையாது. அந்த வேலையை முதுகெலும்பு பார்த்துக்கொள்கிறது. கோடை விடுமுறைக்கு வந்த என் மாமனார் ஷெட்டில் இதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். அவர் நெடுஞ்சாலைத் துறையில் உதவிக் கோட்டப் பொறியாளராக ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க ஜல்லியும் தாரும்.

“இது எதுக்கு மாப்பிள்ளை?”

“ரோடு இல்லாத இடத்துல போறதுக்கு, மாமா.”

“நம்ம பக்கம் கிராவல் ராத்திரியில லாரி ஏறிப் போயிடும். அது மேல போறதுக்குன்னு யாரும் சைக்கிள் வாங்கி நான் பார்த்ததில்லை.”

அவர் வருத்தம் எனக்குப் புரிந்தது. ஸ்காட்லாந்துக்காரரான மெக்கடம் 1816இல் சர்வேயராகிச் சாலை போட்டுக் காட்டிய பிரிஸ்டல், எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேர தூரம்தான். தாரையும் கசடையும் கலந்து ‘டார்மேக்’குக்கு 1902இல் காப்புரிமை வாங்கிய எட்கர் ஹூலியும் நாட்டிங்ஹாம்ஷயரின் கவுண்டி சர்வேயர். மாமாவுக்கு இந்த நாடு காசி, ராமேஸ்வரம் மாதிரி. புண்ணியத் தலத்துக்கு வந்த இடத்தில் மாப்பிள்ளை நாத்திகம் பேசினால் எப்படி இருக்கும்?

ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தை மேசையில் விரித்து விளக்கப் பார்த்தேன். பச்சையில் குட்டிக் குட்டிக் கோடாக இருந்தால் ஃபுட்பாத்: நடக்கலாம், சைக்கிள் விட உரிமை இல்லை. நீளக் கோடாக இருந்தால் பிரிடில்வே: நடக்கலாம், குதிரையில் போகலாம், சைக்கிளும் விடலாம். அதற்கு ஒரு படி மேலே ரெஸ்ட்ரிக்டட் பைவே: குதிரை வண்டி கூடப் போகலாம், மோட்டார் கூடாது. உச்சியில் எல்லா வண்டிக்கும் திறந்த பைவே. நேரில் போனால் இந்த வரிசையிலேயே மஞ்சள், நீலம், ஊதா, சிவப்பு அம்புக்குறிகள் கம்பத்தில் இருக்கும்.

“மண்பாதையிலயும் நாலு வருணமா?” என்றார் மாமா.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பச்சைக் கோடு சொல்வது உரிமையை. தரை எப்படி இருக்கும் என்று அது வாயே திறக்காது. ஒரே நீளக் கோடு ஓரிடத்தில் கெட்டியான கல்பாதை, அடுத்த இடத்தில் கணுக்கால் புதையும் சேறு, இன்னொரு இடத்தில் செந்தட்டி மார்பளவு வளர்ந்த சந்து, கடைசியில் யாரோ ஒரு விவசாயியின் கோதுமை வயலுக்கு நட்டநடுவே ஒரு யூகம். நான்குமே சட்டப்படி பொதுவழிதான். நீங்கள் போகலாம் என்று சட்டம் தீர்ப்புச் சொல்லி எழுந்து போய்விட்டது. போக முடியுமா என்பது உங்களுக்கும் சேற்றுக்கும் நடுவில் உள்ள சொந்த விவகாரம்.

பிரிடில்வேயில் சைக்கிளுக்கு உரிமை கிடைத்ததே 1968ஆம் ஆண்டின் கிராமப்புறச் சட்டத்தால்தான். கூடவே ஒரு நிபந்தனை: நடந்து போகிறவருக்கும் குதிரையில் போகிறவருக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும். மாமா இதை இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

“அதாவது, நான் நடந்து வந்தா மாப்பிள்ளை ஒதுங்கணும். பார்லிமென்ட்டுலயே பாஸ் பண்ணியிருக்கான்!”

குதிரை விஷயத்தில் ஒதுங்கினால் மட்டும் போதாது, பேசவும் வேண்டும். சத்தமில்லாமல் பின்னால் வரும் சைக்கிளைக் குதிரை ஏதோ கொடிய மிருகம் என்று நினைத்துக்கொள்ளும். மனிதக் குரல் கேட்டால் அடங்கிவிடும். எனவே தூரத்திலிருந்தே “ஹலோ, குட் மார்னிங்” என்று குரல் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். மேலே இருப்பவர் பதில் சொல்வார். குதிரை ஒரு காதை மட்டும் திருப்பி, என் உச்சரிப்பைப் பரிசீலிக்கும். கேட்டுகளும் குதிரைக்காரர் வசதிக்கே: சேணத்தில் உட்கார்ந்தபடி திறக்கத் தாழ்ப்பாளின் கைப்பிடியை உயரே நீட்டி வைத்திருப்பார்கள். ஒரு கையால் அதை இழுத்து, முன் சக்கரத்தால் கேட்டைத் தள்ளி, அது திரும்பி வந்து இடிப்பதற்குள் பின் சக்கரத்தை உள்ளே இழுத்து, மறக்காமல் சாத்த வேண்டும். சாத்தாவிட்டால் மாடுகள் வெளியேறும். சாத்தினால் மாடுகளோடு நான் உள்ளே. கன்றோடு நிற்கும் பசு 1968ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்ததில்லை.

மாமாவுக்கு ஒரு நல்ல பாதையாகக் காட்ட வேண்டும் என்று நான் தேர்ந்தெடுத்தது ரிட்ஜ்வே. ஓவர்டன் ஹில்லில் தொடங்கி ஐவிங்ஹோ பீக்கன் வரை 139 கிலோமீட்டர், குன்றின் முதுகிலேயே ஓடுகிறது. தேம்ஸ் நதிக்கு மேற்கே உள்ள பாதி சைக்கிளுக்கு உகந்தது. பிரிட்டனின் மிகப் பழைய சாலை, வயது 5000 ஆண்டு என்பார்கள். மனைவி அவரைக் காரில் அழைத்துக்கொண்டு அஃபிங்டன் வெள்ளைக் குதிரைக்குப் போய்விட்டாள். குன்றுச் சரிவில் புல்லைச் செதுக்கிச் சுண்ணக்கல்லை இட்டு நிரப்பிய, 110 மீட்டர் நீளக் குதிரை அது. வயது சுமார் 3000. மேலே நின்று பார்த்தால் குதிரையின் ஏதோ ஓர் அவயவம்தான் தெரியும்.

நான் மேற்கிலிருந்து சைக்கிளில் வந்தேன். முந்தின நாள் மழை. நனைந்த சுண்ணக்கல் டயரைப் பிடிக்காது, வழுக்கும். ஆனால் டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே மட்டும் விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும். அதில் பதிந்து கிடப்பது ஃபிளிண்ட். கற்கால மனிதன் கத்தி செய்த கல், இன்னும் மழுங்கவில்லை. வேலண்ட்ஸ் ஸ்மித்தி என்ற புதிய கற்காலக் கல்லறைக்கு எதிரே பின் டயர் கிழிந்தது. உள்ளே ஊற்றியிருந்த அடைப்புத் திரவம் என் முதுகு முழுக்கப் பீய்ச்சியது, ஓட்டையை மட்டும் அடைக்கவில்லை. போன் செய்தேன். மாமா இரண்டு கிலோமீட்டர் தூரத்தைச் சாலை ஆய்வு செய்தபடி நடந்தே வந்துவிட்டார்.

இந்தக் கல்லறைக்கு ஒரு கதை உண்டு. குதிரையையும் ஒரு காசையும் வைத்துவிட்டு ஒதுங்கிப் போனால், வேலண்ட் என்ற கொல்லர் யார் கண்ணிலும் படாமல் லாடம் அடித்து வைப்பாராம். என் பையில் கார்டு மட்டுமே இருந்தது. மாமா சட்டைப் பையைத் துழாவி ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துக் கல்மேல் வைத்தார். பத்து நிமிடம் மரத்தடியில் காத்திருந்தோம். அந்நியச் செலாவணிச் சிக்கலோ என்னவோ, டயர் அப்படியே கிடந்தது. “வேலை முடியலை, பில் பாஸ் ஆகாது” என்று சொல்லி நாணயத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நான் ரப்பர் திரியைக் குத்தித் திணித்து ஓட்டையை அடைத்தேன்.

அதற்குள் அவர் ஒரு வெள்ளைக் கட்டியை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். “சுண்ணாம்புக் கல்லு. சுட்டு நீத்தினா வெத்தலைக்கு ஆகும்.” குனிந்து தடத்தைப் பார்த்தார். நிமிர்ந்து இரண்டு பக்கச் சரிவையும் பார்த்தார். முகம் மாறியது.

“மேட்டுலயே கொண்டுபோயிருக்கான். ரெண்டு பக்கமும் தண்ணி வடிஞ்சிடும். அடிமண் காய்ஞ்சிருந்தா எந்த வண்டியையும் தாங்கும்னு மெக்கடம் சொன்னதே அதைத்தானே? டெண்டர் இல்லாம, எஸ்டிமேட் இல்லாம 5000 வருஷமா!”

ஒருமுறை பொதுவழியானால் என்றைக்கும் பொதுவழி என்பது இங்கே சட்ட முதுமொழி என்றேன். யாரும் நடக்காமல் புல் மூடினாலும் உரிமை செத்துப் போகாது.

“சரிதான். தார் போட்டிருந்தா கார் வந்திருக்கும். கார் வந்தா கடை வரும், கடைக்கு முன்னால கொட்டகை வரும், ஆக்கிரமிப்பை எடுக்க என்னை அனுப்புவான். இப்படியே இருக்கட்டும்.”

நான் மறுக்கவில்லை. ஆனால் சுண்ணக்கல் குன்று மழையை உறிஞ்சி அடிவாரத்தில்தான் ஊற்றாக விடுகிறது. ஆதி ஜனங்கள் தண்ணீரைத் தேடி ஊரையெல்லாம் கீழேயே கட்டிவிட்டார்கள். ஒரு வாய் டீ வேண்டுமென்றால் குன்றிலிருந்து இறங்கி, குடித்துவிட்டு மறுபடி ஏற வேண்டும். மாமா சொன்ன பட்டியலில் கார் வேண்டாம், கொட்டகை வேண்டாம். அந்தக் கடை மட்டும் வந்தால், அது டீக்கடையாகவும் இருந்தால், எனக்கு ஆட்சேபணை இல்லை.