உப்பள வரப்பில் பந்து பிடித்தல்: ஒரு சிற்றாய்வு

மென்பந்தாட்டத்தின் அடிப்படைச் செயல்கள் மூன்று: பிடித்தல், எறிதல், அடித்தல். ஐந்து வயதுக் குழந்தை ஆடும்போது நான்காவதாக ஒன்று சேர்கிறது: ஓடிப்போன பந்தை எடுத்துவருதல். பயிற்சி நேரத்தில் பெரும்பங்கு இதற்கே போகிறது என்றாலும் விதிநூல்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. மரக்காணம் உப்பளங்களில் வேலை ஓய்ந்த மாலையில், பெரியவர் ஒருவர், பிள்ளை ஒன்று, பந்து ஒன்று என்ற அளவில் நடக்கும் குறும்பயிற்சியே இங்கு ஆய்வுப்பொருள்.

முதலில் களம். விழுப்புரம் மாவட்டத்தில், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி மரக்காணத்து உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. ஆந்திரத்திலிருந்து கடலோரமாக இறங்கிவரும் பக்கிங்காம் கால்வாய் இங்கே முடிகிறது. 2024இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற கழுவெளி அருகில் இருக்கிறது. இவ்வளவு பரந்த வெளியில் ஆட்டக்காரருக்குக் கிடைப்பது ஒரு வரப்பு. நீளத்தில் குறையில்லை, அகலந்தான் தகராறு. இருபுறமும் பாத்தி. பருவத் தொடக்கத்தில் ஆட்கள் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்திய தரை அது. அதில் பதியும் ஒரு பாதச்சுவடு, மறுநாள் வாரும் உப்பில் சேறாகத் தெரியும். ஆகவே பாத்தியில் கால் வைக்கக் கூடாது என்பதே இக்களத்தின் ஒரே விதி. அதை நிலைநாட்ட நடுவர் தேவையில்லை. தொலைவில் நிற்கும் எவரும் குரல் கொடுப்பார்.

இந்த விதியின் விளைவு வியப்பானது. மைதானத்தில் கோணலாக எறிந்த பந்தை ஓடி எடுத்துவிடலாம். இங்கே கோணலாக எறிந்தால் பந்து உப்புநீரில் விழும். முற்றிய உப்புநீர் நன்னீரைவிடச் சுமார் 1.2 மடங்கு அடர்த்தியானது. அதனால் பந்து மூழ்காமல் மிதந்து, காற்று தள்ளிய பக்கம் பொறுமையாக நகரும். உப்பு வாரும் நீளக் கம்பு கிடைக்கும்வரை ஆட்டம் நிற்கும். நேராக எறிய வேண்டியதன் அவசியத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் பயிற்றுநர் இன்னும் பிறக்கவில்லை.

அடுத்து பந்து. 1887இல் சிகாகோவின் ஃபாரகட் படகுச் சங்கத்தில், வேறொரு போட்டியின் முடிவுக்காகக் காத்திருந்தவர்களில் ஒருவர் பழைய குத்துச்சண்டைக் கையுறையை வீச, இன்னொருவர் அதைக் கோலால் அடித்தார், ஜார்ஜ் ஹான்காக் அந்தக் கையுறையைப் பந்துபோல இறுக்கிக் கட்டினார், மென்பந்தாட்டம் பிறந்தது. இன்றைய முறையான பந்தின் சுற்றளவு 12 அங்குலம். எடை ஏறத்தாழ 178 முதல் 198 கிராம். கிரிக்கெட் பந்தே 163 கிராமைத் தாண்டாது. மென்பந்தை ஐந்து வயதுக் கையில் கொடுப்பது பயிற்சி ஆகாது, தண்டனை. ஆதிப் பந்தே கைக்குக் கிடைத்ததைச் சுருட்டிக் கட்டியதுதான் என்பதால், துணியைச் சுருட்டி மேலே சைக்கிள் டியூப் வளையங்களை மாட்டிச் செய்யும் உள்ளூர்ப் பந்தே மூலத்துக்கு நெருக்கமானது என்று வாதிட இடமுண்டு.

டென்னிஸ் பந்து 60 கிராமுக்கும் குறைவு, கைக்கு அடங்கும். குறை ஒன்றே: உப்புநீரில் நனைந்து காய்ந்தால் அதன் ரோமத்தில் உப்புப் பூத்து, பந்து சொரசொரப்பாகிக் கையை அறுக்கும், நல்ல தண்ணீரில் அலச வேண்டும். நிறத்திலும் கவனம் தேவை. தொலைக்காட்சியில் தெளிவாகத் தெரிவதற்காக 1972இல் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு மஞ்சள் பந்தை அனுமதித்தது. மரக்காணத்தில் அதே முடிவுக்கு வரத் தொலைக்காட்சி வேண்டியதில்லை: வெள்ளைப் பிளாஸ்டிக் பந்து உப்புக் குவியலின் பின்னணியில் மறைந்து, மூக்கில் பட்ட பிறகே புலப்படும்.

நிற்கும் திசை பற்றிய சிக்கல் தனி நூலுக்கு உரியது. கோடை மாலையில் பெரும்பாலும் கடல்காற்று கிழக்கிலிருந்து வரும். சூரியன் மேற்கில் இறங்கும். குழந்தை கிழக்கே நின்றால் எறிவதற்குக் காற்று துணை, ஆனால் கண் கூசும். மேற்கே நின்றால் கண்ணுக்கு நிம்மதி, எறிந்த பந்து பாதியில் விழும். தெற்கு வடக்காக நிற்பது நடுநிலையான தீர்வு என்று தோன்றும். ஆனால் பக்கவாட்டுக் காற்று ஒவ்வொரு பந்தையும் மேற்குப் பாத்திக்குத் தள்ளும். ஆகவே குழந்தையை மேற்கே நிறுத்தி, வெயிலைப் பெரியவர் தம் கண்ணில் வாங்கிக்கொள்வதே சரி. பிடிக்க முடியாமல் போனால் காரணம் சொல்லவும் அவருக்கு வசதி.

எவ்வளவு நேரம், எவ்வளவு தொலைவு என்ற கேள்விகளுக்கு 1978ஆம் ஆண்டின் ஆய்வுகள் இரண்டு பதில்களைத் தந்தன. பிரிட்டிஷ் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்பித்த பேட்லியும் லாங்மனும், நாளுக்கு ஒரு மணி நேரம் பயின்றவர்களே மொத்தத்தில் குறைந்த மணிக்கணக்கில் தேறினார்கள் என்று கண்டார்கள். முறையைப் பற்றி அதிகம் சலித்துக்கொண்டவர்களும் அவர்களே. கெர்ரும் பூத்தும் எட்டு வயதுப் பிள்ளைகளைச் சிறு பைகளை எறியவைத்தார்கள். மூன்றடித் தொலைவிலேயே பயின்றவர்களைவிட, இரண்டடியிலும் நான்கடியிலும் மாற்றி மாற்றிப் பயின்றவர்களே மூன்றடிச் சோதனையில் மேலாக எறிந்தார்கள். ஐந்து வயதுக்கு மணிக்கணக்கே கிடையாது. பத்து நிமிடம் மேல்வரம்பு. தண்ணீரைக் கொஞ்சங் கொஞ்சமாக விட்டால்தான் பாத்தியில் உப்பு இறங்கும், குழந்தைக்கும் அதுவே முறை என்று ஒப்பிடும் ஆசை இங்கே எழும். அது அடக்கத்தக்கது, உப்பு பாதியில் எழுந்து ஆயாவிடம் ஓடுவதில்லை.

பிடித்தலில் நான்கு நிலைகளைப் பிரித்தறியலாம். முதலாவது கும்பிடு நிலை: கைகள் விறைப்பாக நீண்டிருக்கும், கண் மூடியிருக்கும், முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கும். இரண்டாவது அணைப்பு நிலை: பந்து மார்பில் பட்ட பிறகு இரு கைகளும் அதைத் தேடி வரும். மூன்றாவதில் உள்ளங்கைகள் மட்டும் வேலை செய்யும். ஐந்து, ஆறு வயதில் இது எட்டிப்பார்க்கும். நான்காவது ஒற்றைக் கை நிலை. பார்வையாளர் இருக்கும்போது மட்டும் முயலப்படுவது, பெரும்பாலும் தோற்பது. முதல் நிலையைக் கடக்க “கண்ண மூடாத பாப்பா” என்று கத்திப் பயனில்லை. பயம் பந்தின் வேகத்திலிருந்து வருவது. ஆகவே இரண்டு எட்டுத் தொலைவில், கீழ்க்கையாக, வயிற்றளவுக்குப் போட வேண்டும். பிடித்ததும் ஒரு எட்டு பின்வாங்குவது, தவறவிட்டால் முன்வருவது. கெர்ரும் பூத்தும் கேட்ட தொலைவு மாற்றம் இதிலேயே வந்துவிடுகிறது.

எறிதலில் பிழை காலில் இருக்கிறது. வலக்கையால் எறியும் பிள்ளை முதலில் கால் நகராமலும், பிறகு வலக்காலையே முன்வைத்தும் எறியும். இடக்காலை முன்வைத்து உடம்பைத் திருப்புவது கடைசியாக வரும். வரப்பு மண்ணில் இடப்பாதம் வைக்க ஒரு வட்டம் கீறினால் போதும். விளக்கவுரை வேண்டாம், ‘எதிர்க்கால்’ என்ற கருத்து இந்த வயதில் நொண்டியாட்டத்தில்தான் முடியும். எறிவதற்குக் குறி வேண்டுமென்றால் ஏழு கல் ஆட்டத்துக்கு அடுக்குவதுபோல ஓட்டுச்சில்லுகளை அடுக்கிவைக்கலாம். சில்லு சரியும் ஓசையைவிடப் பெரிய பாராட்டு பெரியவர் வாயிலிருந்து வருவதில்லை.

அடித்தல் இக்கடற்கரையில் மழைக்காலப் பாடம். வடகிழக்குப் பருவமழையில் பாத்திகள் நீரில் அமிழ்ந்து, வேலை நின்று, பயிற்சி வீட்டுவாசலுக்கு இடம்பெயர்கிறது. மட்டைக்கு அலைய வேண்டியதில்லை. இலங்கையின் எல்லே ஆட்டக்காரர்கள் மூங்கில் கழியால் அடிக்கிறார்கள், இங்கே தென்னைமட்டையைச் செதுக்கினால் ஆயிற்று. வந்துகொண்டிருக்கும் பந்தைச் சிறுபிள்ளை அடிப்பது அரிது என்பதால், கவிழ்த்த தகர டப்பாவின் மேல் பந்தை வைத்து அடிக்கச் சொல்வது நடைமுறை. பந்துக்குப் பதிலாக டப்பா பறக்கும் அடிகளைக் கணக்கில் சேர்க்கலாமா என்பதில் பயிற்றுநர்கள் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை, குழந்தைகள் வந்துவிட்டார்கள். ஏழு வயதைத் தாண்டியவர்கள் தெருப்பிள்ளைகளோடு சேர்ந்து கிரிக்கெட்டுக்குப் போய்விடுவதால் அவர்கள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை.