முதற்சாறு, வழிச்சாறு, சார்புச்சாறு: இளம்பிள்ளைக் கடைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

பத்து ரூபாய் ஆரஞ்சு ஜூஸை வாங்குவதா, நூறு ரூபாயைத் தாண்டிய டெட்ரா பேக்கை வாங்குவதா என்னும் வினா சங்க காலத்தில் எழவில்லை. எழுந்திருந்தால் திணைக்கு ஒரு ஜூஸ் வகுத்து, இதற்குள் ஐம்பது முனைவர் பட்டமாவது வாங்கியிருப்போம். அந்தக் குறையைக் களையவே இக்கட்டுரை. ஆய்வுக்களம்: சேலம் மாவட்டத்து இளம்பிள்ளை. ஆய்வு முறை: கடை வாசலில் நிற்றல். (இளம்பிள்ளைக்கும் உரையாசிரியர் இளம்பூரணருக்கும் உள்ள உறவு இங்கே ஆராயப்படவில்லை. பணம் கட்டினால் மறுவாரமே அச்சேற்றும் ஆய்விதழ் எதிலாவது அதை யாரேனும் நிறுவிவிடுவார்கள்.)

நூல்கள் முதல், வழி, சார்பு என மூவகைப்படும் என்பது நன்னூல் படித்தவர் அறிந்தது. ஜூஸும் அவ்வாறே. கண்ணெதிரே பிழிவது முதற்சாறு. டெட்ரா பேக்கில் கூடுதல் விலைக்கு வருவது பெரும்பாலும் வழிச்சாறு. பத்து ரூபாய் பாட்டில் சார்புச்சாறு. ஏனெனில் ‘பழப்பானம்’ என்று பெயர் பெறச் சட்டப்படி 10 விழுக்காடு ஆரஞ்சுச் சாறு இருந்தால் போதும். மற்றது தண்ணீர், சர்க்கரை, மணம், இன்னபிற. முன்னோர் நூலில் பத்தில் ஒரு பங்கை எடுத்து, மீதிக்குத் தண்ணீர் ஊற்றி ஆய்வேடு செய்தவர்களுக்குப் பேராசிரியர் பதவியே கொடுத்திருக்கிறோம். பாட்டிலை மட்டும் குறை சொல்வது முறையன்று.

சுளை மிதப்பவை தனி வகை. மிதக்கின்றன.

வழிச்சாறு விரித்துப் பேசத் தக்கது. வழிநூல் செய்யும் முறைகளாகத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி முதலியவற்றைத் தொல்காப்பிய மரபியல் வகுக்கிறது. தொகைவிரிக்கு உரைகாரர் எவரும் காட்டாத உதாரணம் ஆரஞ்சு கான்சென்ட்ரேட். 1940களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உருவான முறை இது. சாற்றிலுள்ள நீரை ஆவியாக்கிக் கெட்டிக் குழம்பாக்கி உறைய வைப்பது தொகுத்தல். சாற்றில் நூற்றுக்கு 11 அல்லது 12 என்று இருந்த கரைபொருள், குழம்பில் 65 வரை ஏறிவிடும். போய்ச் சேர்ந்த ஊரில் போன நீரை மறுபடி ஊற்றுவது விரித்தல். இந்தத் தொகையைக் கப்பலேற்றி உலகுக்கு அனுப்புவதில் பிரேசிலுக்கே முதலிடம். நம் உரையாசிரியர்களாவது விரிக்கும்போது சொந்தச் சரக்கைக் கொஞ்சம் சேர்த்தார்கள்.

இப்படி விரித்ததன் முகப்பில் ‘100% பழச்சாறு’ என்று எழுதுவது நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றங்களுள் மிகைபடக் கூறலா, மாறுகொளக் கூறலா என்று புலவர்கள் முடிவு செய்வதற்குள், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 ஜூனில் அந்த வாசகத்தையே எடுக்கச் சொல்லிவிட்டது. முக்கால்வாசிக்கு மேல் தண்ணீராக இருக்கையில் நூறு எங்கிருந்து வரும்? கிலோவுக்கு 15 கிராமுக்கு மேல் சர்க்கரை வகை சேர்த்தால் ‘இனிப்பூட்டிய சாறு’ என்று போட வேண்டும் என்பதையும் ஆணையம் நினைவூட்டியது. டப்பாவின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பொறுத்தவரை ஐயமில்லை. அது குன்றக் கூறல்.

இனி, இந்த ஆய்வின் உயிர்ப்பகுதி. விசைத்தறிச் சேலைக்காக வெளியூர்க்காரர்கள் வந்து இறங்கும் இளம்பிள்ளையில், யாருக்கு எந்தச் சாறு என்பதைக் குடிப்பவர் தீர்மானிப்பதில்லை. பில் தீர்மானிக்கிறது. விலை மட்டும் கேட்பவருக்குக் கேன் தண்ணீர் (ஆதாரம்: கடைப்பையன் முகம்). கல்யாணத்துக்கு நாலு சேலை எடுப்பவருக்குச் சார்புச்சாறு (ஆதாரம்: ஃபிரிட்ஜ், கீழ்த்தட்டு, இடமிருந்து மூன்றாவது பாட்டில், மூடியின் உட்புறம்). பண்டில் பண்டிலாக எடுத்து வெளிமாநிலம் அனுப்பும் வியாபாரிக்கு வழிச்சாறு, அதுவும் கண்ணாடி டம்ளரில் (ஆதாரம்: கல்லாவுக்குப் பின்னால், சாமி படத்துக்கு நேர்கீழே, ‘கடன் அன்பை முறிக்கும்’ பலகை, அதன் மறுபுறம் பென்சிலால் எழுதிய கணக்கு, அதில் அடித்துவிட்ட மூன்றாம் வரி, அவ்வரிக்கு முதலாளியின் மச்சான் வாய்மொழியாகத் தந்த உரை, நடுவில் அவருக்குப் போன் வந்ததால் முற்றுப்பெறாதது). பழைய பாக்கியைத் தீர்க்க வந்தவருக்கு முதற்சாறே பிழிவார்கள் என்று ஒரு பாடபேதமும் உண்டு. அப்படி வந்தவரைப் பார்த்தவர் இல்லை.

பட்டுப்போல் மின்னுவதை எப்படி நெய்வது என்று அறிந்த ஊர் இது. முந்தானையைப் பார்த்து யாரும் மயங்குவதில்லை. சேலையைப் புரட்டி அடிப்பக்கம் பார்ப்பார்கள். டெட்ரா பேக்கையும் புரட்டத்தான் செய்கிறார்கள், காலாவதித் தேதிக்காக.

தாவரவியல் ஒன்று பாக்கி. உலகச் சந்தையில் ஆரஞ்சு ஜூஸ் எனப்படுவது சிட்ரஸ் சினென்சிஸ் இனத்துப் பழத்தின் சாறு. நாம் ஆரஞ்சு என்று உரித்துத் தின்னும் கமலா, சிட்ரஸ் ரெட்டிகுலேட்டா என்னும் வேறு இனம். அப்படியானால் நம்மூரில் சினென்சிஸ் எங்கே? தள்ளுவண்டியில் பச்சையும் மஞ்சளுமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்: சாத்துக்குடி. தாவர நூலார் கணக்கில் பிரேசில் பழமும் தள்ளுவண்டிப் பழமும் ஒரே இனம். டெட்ரா பேக்கைக் கையில் பிடித்தபடி ஒரிஜினல் ஆரஞ்சைத் தேடுபவரோ, ‘அது சாத்துக்குடிங்க’ என்று வண்டியைத் தாண்டிப் போகிறார்.

டப்பாக்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டுமென்றால் விலை கூடியதே மேல். அதில் பழம் அதிகம். ஆனால் தேர்ந்தே ஆக வேண்டும் என்று எந்த இலக்கணத்திலும் விதி இல்லை. இந்த ஆய்வின் இரண்டாம் பாகம் ஆப்பிள் ஜூஸ் பற்றியது. நிதியுதவி செய்ய விரும்பும் அன்பர்கள் அதைச் சாத்துக்குடியாகவே தரலாம். ஐஸ், சர்க்கரை வேண்டாம்.