குதியும் குதிரையும்: ஆடவர் பாதரட்சை பற்றிய ஒரு பூர்வாங்க விசாரம்

உலகத்து அற்ப வஸ்துக்களுள் ஏறத்தாழ அனைத்தையும் அறிஞர் பெருமக்கள் ஆராய்ந்து முடித்துவிட்ட இந்நாளில், ஆடவர் தம் அன்றாட வாழ்வில் அணியும் உயர்குதிப் பாதரட்சையைப் பற்றி, அதாவது கடைக்காரர்கள் ஹைஹீல்ஸ் என்று சொல்லி விற்கும் பொருளைப் பற்றி, முறையான கிரந்தம் ஒன்று நம் மொழியில் இன்னும் தோன்றவில்லை என்பது, பதவி உயர்வுக்காகக் காத்திருக்கும் ஆராய்ச்சியாளர் இத்துணைப் பேர் வாழும் நாட்டில், பெரிதும் வருந்தத்தக்கது. திருவரங்கத்துப் பெருமானின் பாதுகை ஒன்றையே பொருளாகக் கொண்டு வேதாந்த தேசிகர் 1008 சுலோகங்கள் அருளிச்செய்த பூமி இது. அவற்றுள் குதிப்பகுதிக்கு எத்தனை ஒதுக்கினார் என்று எண்ணிப் பார்க்கவும் ஒருவர் முன்வரவில்லை. பழந்தமிழர் இப்பொருளை அறியாதிருந்தனரோ என்று ஐயுறுவார்க்கு விடை எளிது. கடல்கொண்ட நூல்களில் இது விரிவாகப் பேசப்பட்டிருத்தல் வேண்டும். அந்நூல்களுள் ஒன்றேனும் இன்று கிடையாமையே அதற்குத் தக்க சான்று.

முதற்கண் இலக்கணம். நிற்பவனுடைய குதிகாலை அவனுடைய பெருவிரலினும் மேலே நிறுத்துவது உயர்குதி. அடி முழுவதையும் ஒரே சீராக உயர்த்துவது பலகையடி, அது வேறு. மாடிப்படியில் இறங்குகிறவனுடைய குதியும் ஒரு கணம் பெருவிரலினும் மேலே நிற்கிறதே, அவனும் உயர்குதியன் ஆவானோ என்பது ஆக்ஷேபம். ‘நிற்பவனுடைய’ என்ற அடைமொழியால் அது விலக்கப்பட்டது. அவன் படியிலேயே அவ்வாறு நின்றுவிட்டால் என் செய்வது என்பார்க்கு, பின்னால் வருபவர்களே தக்க சமாதானம் சொல்லுவார்கள். இனி, ஆடவன் என்பான் யார் என்பதற்கு இலக்கணம் கூறப் புகுந்தோர் எவரும் நலமாக முடித்ததாகத் தெரியாமையால், அதை விடுத்து மேலே செல்கிறோம்.

பெண்ணொருத்தி உயர்குதி அணிந்து வீதியில் நடந்தால், ஏன் என்று எவரும் கேட்பதில்லை. ஆடவன் அணிந்தாலோ உலகம் அவனை நிறுத்தி நிமித்தம் கேட்கிறது. ஆகவே, அவன் சொல்லக்கூடிய நிமித்தத்தையே அடிப்படையாகக் கொண்டு உயர்குதி ஆடவரை எழுவகையாகப் பகுக்கலாம்: குதிரையர், அரியணையர், கூத்தர், தாண்டவர், மேடையர், கரவர், நிர்நிமித்தர். எழுவகை ஏன் எனின், ஆறு போதாது, எட்டு மிகும்.

குதிரையர். இவர்களே ஆதி வர்க்கத்தார். பாரசீகத்துக் குதிரை வீரன், பாயும் குதிரையின் அங்கவடியில் எழுந்து நின்று அம்பு எய்ய வேண்டியவன். அவ்வமயம் பாதம் அங்கவடிக்குள் வழுக்கிப் போகாதபடி பற்றி நிறுத்தியது அவன் பாதரட்சையின் குதி. பாரசீகத்து ஷா அப்பாஸ் 1599-இல் ஐரோப்பிய அரசவைகளை நாடித் தூதுக்குழு ஒன்றை அனுப்பிவைத்தார். பாரசீகப் பொருள்களின்மேல் மேற்கில் மோகம் மிகுந்த அக்காலத்தில், குதிரை வீரனின் குதி ஐரோப்பியப் பிரபுக்களின் காலில் தொற்றிக்கொண்டு, 17-ஆம் நூற்றாண்டு முழுவதும் ஆண்மையின் அடையாளமாக விளங்கிற்று. டொரான்டோ நகரில் பாதரட்சைகளுக்கென்றே அமைந்த பாட்டா அருங்காட்சியகத்தைச் சேர்ந்த எலிசபெத் செம்மெல்ஹாக் என்னும் அம்மையார் இவ்வரலாற்றை ஆராய்ந்தவர். 2015-இல் ஆடவர் உயர்குதிக்கென்றே அங்குக் கண்காட்சி ஒன்றும் நடந்தது. அவ்வம்மையார் விளங்கும்படியாக எழுதும் வழக்கமுடையவர் ஆதலின், நம் ஆராய்ச்சிக்கு அவரால் அதிகப் பிரயோஜனம் இல்லை.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மாடு ஓட்டிய கௌபாய்களின் பூட்ஸிலும் இதே காரணம் பற்றியே உயர்ந்து உட்சாய்ந்த குதி அமைந்தது. இதுவரை சிக்கல் இல்லை. ஆயின் அந்த பூட்ஸை இன்று அணிந்து டெக்ஸஸ் மாகாணத்து அலுவலகங்களில் கணக்கு எழுதுவோருக்குக் குதிரை எங்கே? குதி நிலைத்து நிற்கக் குதிரை மட்டும் மறைந்தது எங்ஙனம்? இவ்வினாவே இக்கட்டுரையின் உயிர்நிலை ஆதலின், வாசகர் இவ்விடத்தில் சற்றுத் தங்கிச் செல்ல வேண்டுகிறோம்.

தருக்க நூலார் மலையில் புகை கண்டு நெருப்பை அனுமானிப்பர். அதுபோலவே குதி கண்டு குதிரையை அனுமானித்தல் கூடும் என்பது பூர்வபக்ஷம். அதன் ஐந்து அவயவங்களாவன. பிரதிக்ஞை: இவ்வாடவன் குதிரை உடையவன். ஏது: உயர்குதி உடைமையால். உதாரணம்: எவன் எவன் உயர்குதி உடையவனோ அவன் அவன் குதிரை உடையவன், பாரசீக வில்லாளனைப் போல. உபநயம்: இவனும் அத்தகைய குதி உடையவன். நிகமனம்: ஆகவே இவன் குதிரை உடையவனே. இந்த அனுமானத்தில் குற்றம் காண்பது அரிது. குதிரையைக் காண்பதுதான் அதனினும் அரிது.

காணப்படாமையால் இல்லை என்று துணிந்துவிடலாகாது என்பது, பெயரைக் கரையான் அரித்துவிட்ட ஓர் உரைகாரரின் கருத்து. இன்மை என்பது நால்வகைப்படும் என்று நையாயிகர் வகுத்த வழியே நின்று, அவர் குதிரையின்மையையும் நான்காகப் பகுத்தார் என்பர். இனிமேல்தான் வரவிருக்கும் குதிரையின் இன்மை பிராகபாவம். குதியை முதலில் வாங்கிவிட்டுக் குதிரைக்குப் பணம் சேர்க்கும் வாலிபரிடம் இது காணப்படும். இருந்து நீங்கிய குதிரையின் இன்மை பிரத்வம்ஸாபாவம். டெக்ஸஸ் கணக்கர் இதற்கு உதாரணம். முக்காலத்தும் இல்லாத குதிரையின் இன்மை அத்யந்தாபாவம். நான்காவது, மனிதன் குதிரை அன்று, குதிரை மனிதன் அன்று என்னும் அந்நியோந்நியாபாவம். இதற்குத் தனியே சான்று வேண்டுமோ எனின், வேண்டும். குதிரை நின்றபடியே உறங்க வல்லது. கருத்தரங்குகளின் பிற்பகல் அமர்வில் பேராசிரியர் சிலர் பேசியபடியே உறங்க வல்லர். ஆகவே இரண்டும் வெவ்வேறு என்பது பிரத்தியட்சம்.

இந்நால்வகையையும் மறுத்து, குதிரை எஞ்ஞான்றும் சூட்சும ரூபத்தில் உடனிருக்கிறது என்று சாதித்தவரும் உண்டு. அவர் நூல் நமக்குக் கிட்டவில்லை. அந்நூலைப் படியாத ஒருவர் அதற்கு எழுதிய மறுப்பின் இரண்டாம் பதிப்புக்கு, முதற் பதிப்பை மட்டும் கண்ட மற்றொருவர் எழுதிய மதிப்புரை, பலகாரக் கடை ஒன்றில் மிக்ஸர் சுற்றிய நிலையில் கிடைத்தது. எண்ணெய் படியாத பகுதியிலிருந்து அவருடைய கொள்கையை ஒருவாறு ஊகித்துணரலாம். 1970-களில் பெல்பாட்டம் அணிந்து, இரண்டங்குலக் குதியோடு, மவுண்ட்ரோட்டில் ஓடும் பேருந்தின் படிக்கட்டில் தொங்கிய வாலிபனை அவர் சான்றாகக் காட்டுகிறார். படிக்கட்டின் விளிம்பில் குதியை மாட்டிக்கொண்டு நின்றானாதலின், படிக்கட்டே அங்கவடி; எனவே பேருந்தே குதிரை. இரும்பாலான பேருந்து எங்ஙனம் குதிரையாகும் என்று நடத்துனர் ஒருவர் ஆக்ஷேபித்தாராம். அதற்குக் கூறப்பட்ட சமாதானம் நம் நாட்டுத் தருக்க சாஸ்திரத்துக்கே பெருமை தருவது. பேருந்தின் எஞ்சினுடைய வலிமை எதனால் அளக்கப்படுகிறது? குதிரைசக்தியால். எனவே குதிரைகள் ஸ்தூல சரீரத்தை நீத்துச் சக்தி மாத்திரமாக எஞ்சினுக்குள் உறைகின்றன. அவற்றை அங்கே பிரதிஷ்டை செய்த ஆசாரியன் ஜேம்ஸ் வாட். நடத்துனர் மேற்கொண்டு வாதிடாமல் சீட்டுக் கொடுக்கச் சென்றுவிட்டார். தோல்வியை ஒப்புக்கொண்டார் என்று மதிப்புரைகாரர் குறிக்கிறார்.

திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால் தூக்கிப் பாயும் கற்குதிரைகளின்மேல் அமர்ந்த வீரர்களின் குதிகளை அளந்தால் இவ்விவாதம் தீர்ந்துவிடும் என்று கருதுவோரும் உளர். வேண்டிய ஏணியின் விலை ஆராய்ச்சி மானியத்துக்குள் அடங்கவில்லை.

அரியணையர். பிரான்சு தேசத்துப் பதினான்காம் லூயி மன்னரை ரீகோ என்னும் ஓவியர் 1701-இல் தீட்டிய படம் லூவ்ர் அரண்மனையில் இருக்கிறது. அறுபதைத் தாண்டிய அரசர், அங்கியை ஒருபுறம் ஒதுக்கிக் காலை முன்னே நீட்டி, செந்நிறக் குதிகளை உலகம் காண நிற்கிறார். அந்தச் சிவப்புக் குதி அவருடைய அரசவையில் உயர்குலத்தார்க்கு மட்டுமே உரிய வரிசை. குட்டையானவரே குதியை நாடுவர் என்று எளிதாக முடிவு கட்டுவோர் இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸை நோக்குக. 1651-இல் அவர் போரில் தோற்று மாறுவேடத்தில் ஓடியபோது, அவரைப் பிடிக்க முனைந்தவர்கள் சொல்லியனுப்பிய அடையாளமே, இரண்டு கஜத்துக்கு மேற்பட்ட நெட்டையன் என்பதுதான். தலைமறைந்து திரிந்த காலத்தில் அவருடைய உயரம் அவருக்குப் பெருஞ் சத்துரு. முடி சூடிய பின்னரோ, ஜான் மைக்கேல் ரைட் தீட்டிய படத்தில், அவ்வுயரத்தின்மேல் குதியும் ஏற்றிக்கொண்டு வீற்றிருக்கிறார். பதவி வந்தபின் உள்ள உயரம் எவருக்கும் போதுவதில்லை என்பதற்கு அரசர்களை விட்டு அப்பால் போயும் உதாரணம் தேடலாம், துணைவேந்தர்களோடு நிறுத்திக்கொள்கிறோம். நம் நாட்டுச் சம்பிரதாயம் வேறு. இங்கே பாதுகை அரியணையில் ஏறிப் பதினான்கு ஆண்டு ஆண்டபோது, அதனுள் கால் இருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தமே இருக்கவில்லை.

18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஐரோப்பிய ஆடவர் பெரும்பாலும் குதியைக் கைவிட்டனர். அந்நூற்றாண்டின் இறுதியில் பட்டும் பின்னலும் பொய்மயிரும் தொடர்ந்து போயின. இதனை ஆடவரின் மாபெரும் துறவு என்று ஃப்ளூகல் என்னும் உளநூலார் 1930-இல் பெயரிட்டார். அவர்கள் துறவு பூண்டபோது குதியிலிருந்து கீழே இறங்கினார்கள். நம் நாட்டில் துறவு பூண்டவர்களோ பாதக்குறட்டின்மேல் ஏறிக்கொண்டார்கள் என்பது ஒப்பியல் துறையார் சிந்தனைக்குரியது. இறங்கிய ஆடவர் அத்துடன் அமைந்தாரல்லர். பெண்களிடம் எஞ்சியிருந்த அதே குதியைச் சுட்டிக்காட்டி, இது பகுத்தறிவுக்கு ஒவ்வாத அணி, பெண்மதியின் பேதைமைக்குச் சான்று என்று உபந்நியாசம் செய்யலானார்கள். பாட்டன்மார் அக்குதியின்மேல் நின்றே நாடாண்டார்கள் என்பது பேரன்மார்க்கு நினைவில்லை. படம் மட்டும் சுவரில் தொங்கிற்று.

குதிரை பெரும்பகுதியை மேய்ந்துவிட்டமையால் அடுத்த மூவகையாரையும் விரைந்து கடக்கிறோம். கூத்தர், பண்டைக் கிரேக்க, ரோமானிய சோக நாடகங்களில் தடித்த அடியுள்ள பாதரட்சை அணிந்து நடித்த ஆடவர். அது பலகையடி ஆதலின் நம் இலக்கணத்துள் அடங்காது, ஏழு என்ற எண்ணிக்கையைக் காக்கவே சேர்க்கப்பட்டது. தாண்டவர், ஸ்பெயின் தேசத்து ஃபிளமெங்கோ ஆட்டக்காரர். குதியில் ஆணியறைந்து தரையையே தாளவாத்தியமாக்குவர். மேடையர் யாரெனின், கியூபன் குதி வைத்த பூட்ஸ் அணிந்த பீட்டில்ஸ் முதலாக எல்டன் ஜான், பிரின்ஸ் ஈறாக உள்ள பாடகர்கள். இவர்களைப் பற்றி எது சொன்னாலும் ரசிகர்கள் திருத்த வருவார்கள்.

கரவர். புறத்தே சாதாரண ஷூவாகத் தோன்றி, அகத்தே இரண்டு மூன்று அங்குலம் குதியை உயர்த்தும் ரகசியப் பாதரட்சையை அணிவோர் இவர்கள். வீட்டுக்குள்ளும் ஷூவோடு நடமாடும் தேசங்களில் இவர்கள் ஆயுள் முழுவதும் அச்சமின்றி வாழலாம். வாசலில் செருப்பைக் கழற்றும் நம் நாட்டிலோ இவர்களுக்கு ஒவ்வொரு வாசற்படியும் ஒரு கண்டம். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கும்போது ஐந்தடி ஒன்பதங்குலம். கூடத்துப் பாயை அடையும்போது ஐந்தடி ஆறு. இடையில் நிகழ்ந்த மூன்றங்குலத்தை எவரும் கவனிக்கவில்லை என்று அவர் ஆறுதலடையலாம். ஆயின் குதியின் உயரத்துக்கு அளந்து தைத்த பேன்ட், குதி நீங்கியபின் தரையைப் பெருக்கிக்கொண்டு வருகிறது. ஊஞ்சலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணின் பாட்டிக்கு அனுமானப் பிரமாணத்தை எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆராய்ச்சி உலகிலும் கரவர் உண்டு. உள்ளே பொருளின் உயரம் எத்துணைக் குறையினும், பக்கத்தின் அடியில் குறிப்புகளை அடுக்கி நூலை நிமிர்த்தி வைப்பார்கள். அவர்களுக்கு வாசற்படி வாய்மொழித் தேர்வு. அங்கே பாட்டிமார் எவரும் தேர்வாளராக நியமிக்கப்படாமையால் பெரும்பாலோர் தேறிவிடுகின்றனர்.

இறுதியாக நிர்நிமித்தர். குதிரையும் அரியணையும் மேடையும் இன்றி, உயரத்தை மறைக்கும் நோக்கமும் இன்றி, எல்லோரும் காண உயர்குதி அணிந்து வேலைக்குச் சென்று திரும்பும் ஆடவர் இவர்கள். ஜெர்மனியில் வாழும் அமெரிக்கப் பொறியியலாளர் ஒருவர், மனைவி மக்கள் உடையவர், பாவாடையும் உயர்குதியும் அணிந்தே அலுவலகம் செல்வதாகப் பத்திரிகைகள் எழுதின. உடற்கூற்று நூலார் கூறும் துன்பங்கள் இவர்களுக்கும் உண்டு. பாரம் முன்பாதத்தில் சாய்கிறது, கெண்டைக்கால் இறுகுகிறது, கால்விரல்கள் ஆண் பெண் என்ற பேதம் பாராமல் நோகின்றன. அவ்வாறிருந்தும் ஏன் அணிகிறீர்கள் என்று கேட்டால், இவ்வகையார் சொல்லும் விடை, பிடித்திருக்கிறது என்ற ஒரே சொல்.

இவ்விடையை நாம் பரிவோடு பரிசீலித்தோம். பிடித்திருத்தல் என்பதற்கு முன்னோர் நூலிலிருந்து மேற்கோள் காட்டப்படவில்லை, கருதுகோள் இல்லை, துணைநூற்பட்டியல் இல்லை, நெறியாளரின் கையொப்பமும் இல்லை. ஆகவே ஆறு வகைகளோடு நம் ஆராய்ச்சி பூர்த்தியாகிறது. ஏழாம் வகையினர் தினந்தோறும் வீதியில் நடந்து போகிறார்கள் என்பது உண்மையே ஆயினும், இன்னும் நிறுவப்படவில்லை.