பாக்குறவன் காய் நறுக்கணும்

ஏன் மாப்ள, திருச்சி அம்மா மண்டபம் ரோட்டுல ஃபிளாட்டுக்குக் குடிபோன கையோட அடுப்படிக்கு ஒரு படப்பொட்டி கேக்குதாக்கும்? கேக்கட்டும், தப்பில்ல. ரங்கநாதரே படுத்துக்கிட்டு தெக்கப் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு. அடுப்படியில நின்னுக்கிட்டே வேகுற உன் பொண்டாட்டி நாலு சீன் பாத்தா காவேரி வத்திடாது.

ஆனா 1-ம் நம்பர் பஸ்ஸப் புடிச்சு சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கி, நேரா ஏசிக் கடைக்குள்ள பூந்துடாத. அவன் 32 அங்குலத்தக் காட்டுவான், நீயும் பூம்பூம் மாடு கணக்கா தலைய ஆட்டுவ. முதல்ல சமையல் மேடைய அளந்துட்டுப் போ. மிக்ஸி, கிரைண்டர், அஞ்சறைப்பெட்டி போக மிச்சம் ரெண்டு சாண் இருந்தா அதிசயம். 8 அங்குலமோ 10 அங்குலமோ தாராளம். 2006-ல அரசாங்கம் குடுக்க ஆரம்பிச்ச கலர் டிவியே 14 அங்குலந்தான். எங்கூர்ல அதுக்கு முன்னால ஒரு தெருவே உக்காந்துச்சு.

பரண்ல கிடக்குற கையடக்க டிவிடி பிளேயரே போதுமானு கேட்ட. போதும், வடை சுடாத வீடா இருந்தா. அதுக்குள்ள பொட்டுக்கடலையாட்டம் ஒரு லென்ஸ் இருக்கு. அது வழியாத்தான் லேசர் வெளிச்சம் தட்டப் படிக்குது. எண்ணெய்ப் புகை அதுல படிஞ்சா படம் திக்கித் திக்கி நிக்கும். கதாநாயகி கழுத்துல தாலி ஏறவே ஏறாது.

டேப்லெட்டுல அந்தத் தொல்லை இல்ல. ஆனா ஈரக்கை பட்டா ஒண்ணு அசையாது, இல்ல வேற எதையாவது தொறந்து வைக்கும். அந்தப் புள்ள மாவுக்கையோட தொட்டு, எங்க அக்காவுக்கு, அதான் உங்க அம்மாவுக்கு, வீடியோ கால் போயி, இங்க முணுமுணுக்கிறது அங்க கேட்டுச்சுன்னா பஞ்சாயத்துக்கு என்னக் கூப்பிடாத. அதனால வாயால சொன்னா நிக்கிற வசதி இருக்கானு பாத்து வாங்கு. வீட்டுல சொன்ன பேச்சு கேக்குறது ஒண்ணாவது இருக்கட்டும்.

எங்க வைக்கிறது? அடுப்புக்கு மேல வேணவே வேணாம். டேப்லெட் பண்றவன் பல பேரு 35 டிகிரி சூட்டுக்குள்ள வச்சுக்கச் சொல்றான். நம்ம திருச்சியில சித்திரை மாசம் தெருவே 40-அத் தாண்டுது, அடுப்படிக்கு நீயே கணக்குப் போட்டுக்க. சூடு ஏற ஏற பேட்டரி கெடும், உப்பவும் செய்யும். சிங்க் பக்கத்துலயும் வைக்காத, தண்ணி தெறிக்கும். மிக்ஸி போடுற பிளக்குலயே சார்ஜர சொருகி, வயர மேடையில தொங்க விடாத. அடுப்புக்கு எதிர்ச்சுவத்துல, உக்காந்தா கண்ணுக்கு நேரா வர்ற மாதிரி ஒரு பலகை அடி.

அப்ப சமைக்கிறவளுக்கு முதுகுப் பக்கமால்ல போயிடும்னு முழிக்காத. போகட்டுமே! அடுப்புக்கு முன்னால நிக்கிறவளுக்குக் காது போதும். திருச்சி வானொலி 1939-ல ஆரம்பிச்சுது. உங்க அம்மாச்சி அதக் கேட்டுக்கிட்டே ஆயுசு முழுக்கக் கொழம்பு வச்சா. கண்ணு திரைக்குப் போனாத்தான் பாலு பொங்கும், கடுகு கருகும். சமையல் வீடியோன்னா அடுப்பப் பத்த வைக்கிறதுக்கு முன்னாடியே பாத்துடணும். அதுலயும் சூதானம். புதுக்கோட்டைப் பக்கத்து வில்லேஜ் குக்கிங் சேனல் இருக்கே, 2021-ல ஒரு கோடி சந்தாதாரரத் தாண்டுனது, அவங்க ஊருக்கே ஆக்குறவங்க. அந்த அளவுல நீங்க ரெண்டு பேரு ஆக்குனா, மிச்சத்தத் திங்க உத்தர வீதி மொத்தத்தையும் கூப்பிடணும்.

இப்பத்தான் சூட்சுமம். அந்தப் பலகைக்கு எதிர்ல ஒரே ஒரு முக்காலி போடு. பக்கத்துல முறம், கத்தி, காந்தி மார்க்கெட்டுல வாங்குன சின்ன வெங்காயம். கிரிக்கெட்டு பாக்கணுமா? வா, உக்காரு, உரி. 20 ஓவரு முடியறதுக்குள்ள அரைக்கிலோ ஆயிடும். விக்கெட்டு விழுந்து அழுதியா, வெங்காயத்துக்கு அழுதியானு ஒருத்தனுக்கும் தெரியாது.

பொண்டாட்டிக்குன்னு சொல்லித்தான வாங்குற? வாங்கு. ஆனா பாக்குறவன் நறுக்கணும், அதுதான் சட்டம். கையெழுத்துப் போட சம்மதம்னா கடைக்குப் போ. இல்லேன்னா ஹால்ல இருக்குற டிவியே போதும், காசு மிச்சம்.