ஒரு புள்ளி தப்பினால் பிரேக் தப்பும்!

கேள்வி: 1992 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருக்கிறேன். பிரேக் ஆயில் ‘மினிமம்’ கோட்டுக்கு வந்துவிட்டது. ஊற்றி நிரப்பிவிடட்டுமா?

பதில்: பாட்டிலைக் கீழே வையுங்கள். முதலில் சக்கரத்தைக் கழற்றி பிரேக் பேடைப் பாருங்கள். பேட் தேயத் தேய, காலிப்பர் பிஸ்டன் வெளியே வரும். பின்னால் காலியாகும் இடத்துக்கு ஆயில் இறங்கும். புது பேட் போட பிஸ்டனை உள்ளே தள்ளினால் மட்டம் தானாக ஏறிவிடும். அதற்குள் நீங்கள் முட்ட ஊற்றியிருந்தால் மூடி வழியே பொங்கிவிடும்.

கேள்வி: பேட் புதுசு. அப்புறமும் குறைகிறதே?

பதில்: அப்போது ஒழுகுகிறது. டயரின் உட்புறம், ஹோஸ் இணைப்பு, காலிப்பர் எல்லாம் பாருங்கள். எங்கும் ஈரமில்லையா? மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் போனால் ஆயில் பூஸ்டருக்குள் போய்விடும், வெளியே சொட்டுக்கூடத் தெரியாது. போர்ஷே 944 வைத்திருப்பவர்கள் கிளட்சையும் சந்தேகப்படலாம். அதில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாதான்.

கேள்வி: உள்ளே இருப்பது டாட் 3, கையில் இருப்பது டாட் 4. கலக்கலாமா?

பதில்: கலக்கலாம். டாட் 3, 4, 5.1 மூன்றும் கிளைக்கால் வம்சம். சம்பந்தம் பேசத் தடையில்லை. ஆனால் கொஞ்சம் டாட் 4 ஊற்றியதால் மொத்தமும் டாட் 4 ஆகிவிடாது.

கேள்வி: 5.1 கலக்கலாம் என்றால் 5-ஐயும் கலக்கலாம்தானே?

பதில்: கூடவே கூடாது! டாட் 5 சிலிக்கோன், ஊதா நிறம். கிளைக்காலோடு ஒட்டாது. ஏபிஎஸ் உள்ள காருக்கும் ஆகாது. உள்ளே நுழைந்த தண்ணீர் அதில் கரையாமல் தாழ்வான இடத்தில் தேங்கித் துருவை வளர்க்கும். கடையில் வாங்கும்போது அந்தப் புள்ளியையும் ஒன்றையும் விரல் வைத்துப் படியுங்கள்.

கேள்வி: பிறகு அந்த ஊதாவை யார்தான் வாங்குகிறார்கள்?

பதில்: எம்ஜிபி மாதிரிப் பழைய கார்களைப் பளபளவென்று கண்காட்சிக்கு நிறுத்துபவர்கள். சிலிக்கோன் பெயின்ட்டைத் தின்னாது, கிளைக்கால் தின்றுவிடும். பானெட்டில் சிந்தினால் துணியால் தேய்க்காதீர்கள், தண்ணீரைத் தாராளமாக ஊற்றுங்கள். கரைந்து ஓடிவிடும்.

கேள்வி: மலையிறங்கும்போது பெடல் மெத்துமெத்தென்று உள்ளே போகிறது. ஆறியதும் சரியாகிவிடுகிறது. கொஞ்சம் புது ஆயில் ஊற்றினால் போதுமா?

பதில்: போதாது. உங்கள் ஆயில் தண்ணீர் குடித்திருக்கிறது. புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும், சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 155 தாங்கினாலே விதிப்படி பாஸ். அதற்கு மேல் காலிப்பருக்குள் கொதித்து ஆவியாகும். நீங்கள் மிதிப்பது ஆவியைத்தான். மேலே டப்பாவில் ஊற்றும் புது ஆயில் கீழே காலிப்பருக்கு எட்டாது. நான்கு சக்கரத்திலும் பழையதை வெளியேற்றி, ஏர் எடுத்து, முழுசாக மாற்றுங்கள்.

கேள்வி: நடுவழியில் அவசரத்துக்குக் கொஞ்சம் இன்ஜின் ஆயில்?

பதில்: ரப்பர் சீல் எல்லாம் ஊதிப்போகும், பிறகு ஒவ்வொரு ரப்பரையும் மாற்ற வேண்டும். 1970-இல் வந்த சித்ரோவன் எஸ்எம் காருக்கோ பச்சை நிற மினரல் ஆயில்தான். அதில் டாட் 4 ஊற்றினால் அதன் சீல்களும் காலி. மூடியில் எழுதியிருப்பதே வேதம்.

கேள்வி: என் கார் ஷெட்டை விட்டு வருவதே தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். அதற்கும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமா?

பதில்: கட்டாயம். கார் நின்றாலும் ஈரம் ரப்பர் ஹோஸ் வழியாகவே உள்ளே கசியும். ஓடிய கிலோமீட்டரை விடுங்கள், காலண்டரைப் பாருங்கள். போன வருஷம் திறந்து அலமாரியில் வைத்த அரை பாட்டிலும் வேண்டாம். மிச்சம் பிடிக்கிறேன் என்கிறீர்களா? பெட்ரோலில்தான் ஏற்கெனவே நிறையப் பிடித்துவிட்டீர்களே!