ஐந்தாம் பாகம் கேட்பவர்

அபூர்வ ஃபங்க் ரசிகர் லண்டன், சிகாகோ, டோக்கியோ என எந்த ஊரில் அகப்பட்டாலும் ஒரே கோலம்தான்: நாற்பதைத் தாண்டிய ஆண், தோளில் சதுரமான துணிப்பை, பைக்குள் ஏழு அங்குல இசைத்தட்டுகள், விரல் நுனியில் பழைய அட்டை உறைகளின் தூசி. இவ்வினத்தில் பெண்களும் உண்டு. பாட்டு நன்றாக இருந்தால் அவர்கள் எழுந்து ஆடிவிடுகிறார்கள் என்பதால் இங்கே சேர்க்கப்படவில்லை.

ஃபங்க் ஆடுவதற்காகவே பிறந்த இசை. 1960களின் நடுவில் அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் தம் குழுவின் பாரம் முழுவதையும் தாளத்தின் முதல் தட்டில் இறக்கினார். டிரம்ஸ், பேஸ், கிட்டார், ஊதுகருவிகள் எல்லாம் அந்த ஒற்றைத் தட்டில் வந்து விழும். கேட்பவரின் இடுப்பு அதற்குப் பதில் சொல்லும். சொல்லாவிட்டால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. அபூர்வ ரசிகரின் இடுப்பு பதில் சொல்வதில்லை. கண்ணை மூடி, ஒரு விரலை உயர்த்தி, அந்த முதல் தட்டுக்கு முந்தைய நொடிக்காக அவர் காத்திருப்பார். அந்த நொடியில் டிரம்ஸ்காரர் இருமியிருக்கிறார். கடைக்கு வந்த இசைத்தட்டில் இருமலை வெட்டிவிட்டார்கள். இவரிடம் உள்ள பதிவில் இருமல் இருக்கிறது.

அவர் தேடும் இத்தகைய பதிவுகள் வெளிவராமல் போவதற்கான காரணங்கள் பெரும்பாலும் சப்பென்றுதான் இருக்கும். 1971 மார்ச் 8 அன்று பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் ஜேம்ஸ் பிரவுன் நடத்திய கச்சேரியை மூன்று தட்டுகள் கொண்ட தொகுப்பாக வெளியிட ஏற்பாடாகியிருந்தது. பேஸ் வாசித்த பூட்ஸி காலின்ஸ் உள்ளிட்டவர்கள் குழுவை விட்டுப் போனார்கள். இல்லாத குழுவின் தட்டை எதற்குப் போடுவது என்று கைவிட்டார்கள். அது குறுந்தகடாக வந்தது 1992இல். ஃபங்க் பாடகி பெட்டி டேவிஸ் 1976இல் லூசியானாவின் பொகலூசாவில் ஒரு முழுத் தொகுப்பைப் பாடி முடித்தார். நிறுவனம் அதைப் பரணில் போட்டது. 2009 வரை அது பரணிலேயே இருந்தது. பாடகர் பிரின்ஸ் விஷயத்தில் காரணம் நிறுவனம்கூட இல்லை, அவர் மனம். கறுப்பு உறையில் தம் பெயரோ தொகுப்பின் பெயரோ இல்லாமல் 1987 டிசம்பர் 8 அன்று வெளியாக வேண்டிய தொகுப்பை, ஏறக்குறைய 5 லட்சம் பிரதிகள் தயாரான பிறகு, அவரே வேண்டாம் என்று நிறுத்தினார். பிரதிகளை அழித்தார்கள். சில தப்பின.

அந்தக் கறுப்புத் தொகுப்பு 1994இல் முறையாகக் கடைக்கு வந்தது. நியாயமாகப் பார்த்தால் கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். 2018இல் ஒருவர் 1987ஆம் ஆண்டின் கனடியப் பிரதி ஒன்றை 27,500 டாலருக்கு வாங்கினார். இரண்டிலும் பாடல்கள் அதே எட்டுதான்.

இவ்வினத்தை உடனே அடையாளம் காட்டுவது ஒரு வாக்கியம்: "இது அது இல்லை." கூட்டத்தில் யாராவது ஃபங்க் பாட்டு ஒன்றைப் போட்ட ஐந்தாவது நொடியில் இது வெளிப்படும். குரல் மெதுவாக இருக்கும். யாரையும் பார்த்துச் சொன்னதாக இராது, ஆனால் எல்லோருக்கும் கேட்கும். விவரம் தெரியாதவர் "எது எது இல்லை?" என்று கேட்டுவிடுவார். அந்த மாலை அத்தோடு முடிந்தது.

ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டையே எடுத்துக்கொள்ளலாம். 1969 நவம்பரில் சின்சினாட்டியில் பதிவாகி 1970இல் வெளிவந்தது. க்ளைடு ஸ்டபிள்ஃபீல்டு அதில் தனியாக வாசிக்கும் சில நொடி டிரம்ஸ், பின்னாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களுக்குள் வெட்டி ஒட்டப்பட்டது. உலகில் பாதிப் பேர் பெயர் தெரியாமலேயே அதைக் கேட்டிருக்கிறார்கள். பெயர் தெரிந்து கேட்பவர் நிலைமைதான் மோசம். அவர் கேட்பது சின்னத் தட்டில் வந்த வெட்டிய வடிவமா, பின்னாளில் எல்.பி.யில் வந்த நீண்ட வடிவமா, எந்த நாட்டு அச்சு, எந்த ஆண்டு அச்சு என்ற விசாரணை தொடங்கும். எந்தப் பதிலைச் சொன்னாலும் அது "அது" ஆகாது. "அது" வேறொரு டேக், அதே பாட்டை இன்னொரு முறை வாசித்த பதிவு. ஒரு ஸ்டூடியோக்காரர் வீட்டுக்கு எடுத்துப் போன நாடாவில் இருந்ததாம். அதை ஒருவர் ஒருமுறை கேட்டிருக்கிறாராம்.

இந்த நோய்க்கு ஜேம்ஸ் பிரவுனும் கொஞ்சம் பொறுப்பு. அவருடைய பாட்டுகள் ஏழு அங்குலத் தட்டின் ஒரு பக்கத்துக்குள் அடங்கவில்லை. நீண்ட வாசிப்பை நடுவில் வெட்டி, ஒரு பக்கம் முதல் பாகம், மறுபக்கம் இரண்டாம் பாகம் என்று போட்டார்கள். 1971இல் வந்த 'மேக் இட் ஃபங்கி' இரண்டு பாகத்திலும் முடியாமல், இன்னொரு தட்டில் மூன்றாவது, நான்காவது பாகங்களாகத் தொடர்ந்தது. சாதாரண மனிதருக்கு முதல் பாகமே போதும். ஆர்வம் உள்ளவர் நான்கையும் தேடிக் கேட்பார். அபூர்வ ரசிகர் ஐந்தாம் பாகம் எங்கே என்று கேட்பார்.

"இது அது இல்லை" என்ற வாக்கியத்துக்கு இடம், பொருள், ஏவல் கிடையாது. பேரங்காடியில் கூரையிலிருந்து பாட்டு வந்தால் தக்காளி நிறுக்கும் இடத்தில் சொல்வார். காரில் சொல்வார், அதுவும் ஓட்டுபவர் பாட்டோடு சேர்ந்து முணுமுணுக்கத் தொடங்கும்போது பார்த்து. திருமண விருந்து ஒன்றில் மணமக்கள் நடுவில் நின்று ஆடிக்கொண்டிருந்தபோது இவ்வினத்தவர் ஒருவர், பெயர் இங்கே தேவையில்லை, பழுப்பு நிறக் கார்டுராய் கோட்டு, பாட்டுப் போடும் பையனிடம் போய் ஹார்ன் பகுதி தவறான கலவையில் வந்திருக்கிறது என்று விளக்கி, மெய்யான பதிவைத் தம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அது பதினோரு நொடி ஓடி நின்றது. குழு தாளம் தப்பி, யாரோ சிரித்து, "மறுபடியும்" என்று ஒரு குரல். அவ்வளவுதான் பதிவு. மணமக்கள் காலைத் தூக்கியபடி நின்றார்கள். தொடங்குவதற்குள் நின்றுபோன பாட்டுதான் சேகரிப்பிலேயே மிக அபூர்வம் என்பதை மணமகளின் தகப்பனாருக்குப் புரியவைக்க அதற்குமேல் அரைமணி நேரம் ஆயிற்று. புரிந்ததா என்பது வேறு.

வீட்டில் இருப்பவர்கள் இந்த வாக்கியத்துக்குப் பழகிவிடுகிறார்கள். மனைவி பாட்டைப் போட்டுவிட்டு, அவர் வாய் திறப்பதற்குள் தாமே சொல்லிவிடுவார். இது ஓரளவு வேலை செய்கிறது.

மற்றப் பழக்கங்கள் எல்லாச் சேகரிப்பாளர்களுக்கும் பொதுவானவை. தட்டைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் கழுவுவார். வாங்கிய விலையைக் குறைத்தும் விற்கும் விலையைக் கூட்டியும் சொல்வார். வீடு மாற்றும்போது நண்பர்களை அழைப்பார். அசிடேட் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: அலுமினியத் தகட்டின்மேல் அரக்குப் பூசி, ஸ்டூடியோவில் சோதனைக்காக வெட்டும் தட்டு அது. ஓட ஓட ஊசி அதைத் தேய்த்துவிடும். அதனால் அவர் அதைப் போடுவதே இல்லை. வீட்டுக்கு வருபவர்களுக்கு உறையைக் காட்டுவார்.

மறைப்பதும் ஒரு கலைதான். இதை அவர் கற்றது இங்கிலாந்தின் வடபகுதியில் வளர்ந்த நார்தர்ன் சோல் இசை ரசிகர்கள் என்ற பங்காளிக் கூட்டத்திடம். அங்கே அபூர்வத் தட்டு கிடைத்தவர், மற்றவர்கள் தேடிப் போய்விடக் கூடாதென்று லேபிள்மேல் வெள்ளைத்தாள் ஒட்டிப் பொய்ப் பெயர் எழுதிப் போடுவார். ஃபிராங்க் வில்சன் 1965இல் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் கிளைக்காகப் பாடிய ஒரு பாட்டின் மாதிரிப் பிரதிகள், அவர் பாடுவதை விட்டுத் தயாரிப்பாளராகவே இருக்க முடிவு செய்ததால், அழிக்கப்பட்டன. தப்பிய பிரதி ஆட்டக் கூடங்களுக்கு வந்தபோது எடி ஃபாஸ்டர் என்ற வேறொரு பாடகரின் பெயரில் சுழன்றது. பாடியவர் பெயர் காகிதத்துக்கு அடியில். பாடாதவர் பெயருக்குக் கைதட்டல். 2009இல் அந்தத் தட்டு ஒன்று 25,742 பவுண்டுக்குப் போயிற்று. லண்டன் சோஹோவில் 'டீப் ஃபங்க்' இரவுகளை நடத்திய கெப் டார்ஜும் இந்தப் பள்ளியில் பயின்றவர்தான். அந்த இரவுகளில் எல்லோரும் வியர்க்க வியர்க்க ஆடினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அபூர்வ ரசிகர் மேசையருகே நின்று லேபிளைப் படிக்க முயன்றுகொண்டிருந்தார்.

இவர் வாழ்வில் பெருந்துயரம், ஆசைப்பட்ட பதிவு முறையாக வெளிவருவது. பிரின்ஸ் 2016 ஏப்ரல் 21 அன்று இறந்த பின், மினசோட்டாவில் அவர் வீட்டு நிலவறையின் பூட்டைத் துளையிட்டுத் திறந்தார்கள். உள்ளே இருந்தவை ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. 2020இல் 'சைன் ஓ தி டைம்ஸ்' விரிந்த பதிப்பில் மட்டும் அதுவரை வெளிவராத 63 பதிவுகள். முப்பது ஆண்டுகளாகக் கேட்டது கையில் கிடைத்துவிட்டது. அபூர்வ ரசிகர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு குறை கண்டுபிடித்தார்: ஒலி மிகவும் தெளிவாக இருக்கிறதாம். அவர் நேசித்தது, கேசட்டிலிருந்து கேசட்டுக்கு ஆறேழு முறை படியெடுத்து, மழைக்கு நடுவில் யாரோ பாடுவதுபோல் இரைந்த பிரதியை. இப்போது மழை நின்றுவிட்டது, பாட்டு மட்டும் கேட்கிறது, எல்லோருக்கும் கேட்கிறது. இது அது இல்லை.

இப்படிப்பட்டவர்கள் இல்லாமலும் முடியாது என்பதுதான் சங்கடம். ஹூஸ்டன் நகரின் காஷ்மியர் உயர்நிலைப் பள்ளியில் கான்ராட் ஜான்சன் என்ற இசை ஆசிரியர், மாணவர்களைக் கொண்டு 1970களில் நடத்திய ஃபங்க் குழு சில தட்டுகளைச் சொந்தமாகப் போட்டது. பள்ளிப் பிள்ளைகள் போட்ட தட்டு பழைய பொருள் பெட்டிகளில் கிடந்தது. துணிப்பையும் தூசி விரலுமாக அலைந்தவர்கள்தான் அதைக் கண்டெடுத்து, பள்ளிப் பிள்ளைகள் இப்படி வாசித்தார்களா என்று ஊரைக் கூட்டினார்கள். 2006இல் அது மறுபதிப்பு கண்டது. 2008இல் நரைத்த பழைய மாணவர்கள் ஒன்றுகூடி, 92 வயது ஆசிரியர் முன் மறுபடி வாசித்தார்கள். சில நாட்களில் அவர் காலமானார். கேட்டுவிட்டுத்தான் போனார். பெட்டி டேவிஸின் தொகுப்பு பரணிலிருந்து இறங்கியதற்கும் இதே பிடிவாதக்காரர்களின் ஓயாத விசாரிப்பு ஒரு காரணம். அந்த நன்றியை இங்கே பதிவு செய்யலாம், கார்டுராய் கோட்டுக்கும் சேர்த்து.

நன்றி அங்கே நிற்கட்டும். கண்டெடுத்ததைப் பூட்டி வைப்பவருக்கு அது பொருந்தாது. 1970களின் ஒலிநாடாக்கள் பலவற்றில், காந்தப் பூச்சைப் பிடித்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகிறது. அப்படியே ஓட்டினால் பூச்சு உரிந்து வரும். சுமார் 54 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் பதமாகக் காயவைத்து, உடனே படியெடுத்தாக வேண்டும். தெரிந்த வேலை, செய்யக்கூடிய வேலை. நாடாவைக் கொடுத்தால்தானே! மறுபதிப்புக்காரர்கள் படியெடுக்க இரவல் கேட்டால், தம்முடைய பிரதியின் மதிப்பு குறைந்துவிடும் என்று மறுப்பவர் உண்டு. நாடா அலமாரியில் பிசினாகிக்கொண்டிருக்கிறது. அதில் பாடியவரின் பிள்ளைகள் தகப்பன் குரலை இன்னும் கேட்கவில்லை. இது ரசனையோ சேகரிப்போ ஆகாது, அல்பத்தனம்.

பணக் கணக்கும் அப்படியே. 27,500 டாலரும் 25,742 பவுண்டும் விற்றவருக்குப் போயின. பாடியவருக்கோ வாசித்தவருக்கோ அதில் சட்டப்படி ஒரு காசும் சேராது. க்ளைடு ஸ்டபிள்ஃபீல்டின் பெயர் பாட்டை எழுதியவர்கள் வரிசையில் இல்லை. ஆயிரம் பாடல்களில் ஒலித்த அந்த டிரம்ஸுக்கு உரிமத்தொகை என்று அவருக்கு ஏறக்குறைய ஒன்றும் வரவில்லை. அவருடைய மருத்துவக் கடனில் பெரும்பகுதியை பிரின்ஸ் ஓசையில்லாமல் கட்டிய செய்தி, பின்னர்தான் வெளியே தெரிந்தது. ஸ்டபிள்ஃபீல்டு 2017இல் இறந்தார். அவர் இறந்த வாரத்தில் அபூர்வ ரசிகர்கள் உண்மையாகவே அழுதார்கள்.

பாரிஸ் கச்சேரி, பெட்டி டேவிஸ், காஷ்மியர் பிள்ளைகள் மூன்றுமே இன்று முறையான பதிப்புகளாகக் கிடைக்கின்றன. விரும்புவோர் காசு கொடுத்து வாங்கிக் கேட்கலாம், இடம் இருந்தால் எழுந்து ஆடலாம். கேட்டதாக அவரிடம் மட்டும் சொல்லிவிட வேண்டாம்.